எத்தனை பேருக்குக் கூடாரம்?

1

"எத்தனை பேருக்கு?" என்று கடைக்காரப் பெண்மணி கேட்டார். என் வீட்டுக்காரர் யோசிக்கவே இல்லை. "ஒருத்தருக்கு" என்றார்.

நான் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். முக்காட்டுக்கு மேல் கம்பளிக் குல்லா, அதற்கு மேல் கோட்டின் தலைமூடி என்று மூட்டை மாதிரிதான் இருந்தேன், ஒப்புக்கொள்கிறேன். மூட்டையாக இருந்தாலும் உள்ளே ஆள் இருக்கிறேன் இல்லையா? எனக்கு அந்தப் பக்கம் எங்கள் மகள் ரிஸ்வானா, பதின்மூன்று வயது, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு நின்றாள். மூன்று பேராகக் கடைக்குள் போய்விட்டு ஒருத்தருக்குக் கூடாரம் கேட்கிறார் மனுஷன்.

என்ன கூடாரம் என்று ஊரில் இருப்பவர்களுக்கு முதலில் சொல்லிவிட வேண்டும். நாங்கள் இருக்கும் வின்னிபெக்கில் பனிக்காலம் வந்தால் ஏரி உறைந்து பாறையாகிவிடும். ஜனங்கள் அதன்மேல் நடந்து போவார்கள், காரிலும் போவார்கள். நடு ஏரியில் கூடாரம் போட்டு, பனிக்கட்டியில் துளை போட்டு, அதற்குள் தூண்டில் விட்டு மீன் பிடிப்பார்கள். நான் கதை விடவில்லை. லப்பைக்குடிக்காட்டில் இருக்கும் என் மாமியாருக்கு இதைப் போனில் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

"ஞாயித்துக்கெழம ஏரிக்குப் போறோம் மாமி. ஏரி மேல கார்லயே போறதாம்."

"கரை மேலயா? பாத்துப் போங்கம்மா, கரை சரிஞ்சு கெடக்கும்."

"கரை இல்ல மாமி. தண்ணி மேல."

"தண்ணி வத்திப்போச்சா?"

"வத்தல மாமி, ஒறைஞ்சு போச்சு."

"நீ போனை சம்சுகிட்ட குடு" என்று தன் மகனைக் கேட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. நம் பக்கம் தண்ணீர் இல்லாதபோதுதான் வண்டி ஏரிக்குள் இறங்கும். வெள்ளாறு காய்ந்து கிடக்கிற மாதங்களில் மணலில் இறங்கி நடந்து அக்கரையில் திட்டக்குடிக்கு நானே போயிருக்கிறேன். தண்ணீர் நிறைய இருக்கிறது, அதனால் மேலே தைரியமாக ஏறு என்று சொல்லும் நாடு எனக்கும் புதிதுதான்.

2

அந்த "ஒருத்தருக்கு" எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தம்மாமிலிருந்து வந்தது.

நான் அரியலூர்ப் பெண். வாக்கப்பட்டது லப்பைக்குடிக்காட்டில். அந்த ஊரில் வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போவதை சபர் என்பார்கள், போகிறவர் சபராளி. வீட்டுக்கு ஒரு சபராளி இருப்பார், சில வீட்டில் நான்கு பேர் இருப்பார்கள். கல்யாணமாகி இரண்டாம் மாதம் என் வீட்டுக்காரர் சவூதியில் தம்மாமுக்குத் திரும்பினார். ஏசி மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாதம் லீவு. எனக்காக யாரும் பரிதாபப்படவில்லை, நானும் பட்டுக்கொள்ளவில்லை. ஊரே அப்படி இருக்கும்போது என்ன செய்வது?

அங்கே ஓர் அறையில் எட்டுப் பேர். ஒருவர் கட்டிலுக்கு மேல் இன்னொருவர் கட்டில். அவரவர் தட்டு, அவரவர் டம்ளர், அவரவர் பூட்டு. வெங்காயம்கூட அவரவர் வெங்காயம். அப்படிப் பத்து வருஷத்துக்கு மேல் இருந்த ஆள் கனடாவுக்கு வந்த முதல் வாரம் பாத்திரம் வாங்கப் போனார். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு தலையணையோடு வந்து நின்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "நாங்க ரெண்டு பேரும் கையில வாங்கித் திங்கவா மச்சான்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினேன். அவரும் தலையைச் சொறிந்துகொண்டு போனார். கெட்ட எண்ணம் எல்லாம் இல்லை. கை அப்படிப் பழகிவிட்டது.

ஆனால் தூண்டில் கடையில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் அப்பாஸ் பாய்.

அப்பாஸ் பாய் எங்கள் ஊர்க்காரர், தம்மாமில் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறவர். அந்த வாரம்தான் போன் செய்திருந்தார். பழைய இடத்திலேயே சூப்பர்வைசர் வேலை, பனிக்காலம் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். "நீ மட்டும் வா சம்சு. குடும்பம் அங்கேயே இருக்கட்டும், புள்ள படிக்கட்டும்." இப்படி ஏற்கெனவே பல பேர் செய்கிறார்கள். கனடாவில் பெண்டாட்டி பிள்ளைகளை இறக்கி வைத்துவிட்டு வளைகுடாவுக்கே திரும்பிப் போய்விடுவார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு லாகூர்க்காரி அப்படித்தான் பனியைத் தனியாக வாரிக்கொட்டிக்கொண்டு இருக்கிறாள்.

நான் கேட்டதற்கு என் வீட்டுக்காரர், "யோசிக்கணும்" என்றார். அதற்குமேல் வாய் திறக்கவில்லை. அதனால்தான் கடையில் சொன்ன அந்த ஒரு வார்த்தை எனக்கு அப்பாஸ் பாய்க்குச் சொன்ன பதில் மாதிரியே கேட்டது.

3

"மச்சான், ஒருத்தருக்குன்னா நாங்க என்ன கரையில நின்னு கொடி ஆட்டறதா?"

"இல்ல புள்ள, உங்களுக்குக் குளுருமேன்னுதான்..."

"எங்களுக்குக் குளுர்றத நாங்க பாத்துக்கறோம். மூணு பேருக்குக் கேளுங்க."

கேட்டார். அதற்குப் பிறகு அந்தக் கடையில் சாமான் பொறுக்குகிற பொறுப்பு முழுக்க என்னுடையதாகிவிட்டது. ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடச் சொல்கிற மாதிரி எல்லாவற்றையும் எடுத்துப் போடச் சொன்னேன்.

துளை போடும் கருவிக்கு ஆகர் என்று பெயர். மர ஆசாரி கையில் இருக்கும் துரப்பணத்தை ஆள் உயரத்துக்கு வளர்த்தால் எப்படி இருக்கும், அதுதான். பெட்ரோல் மோட்டார் வைத்தது ஒன்று, கையால் சுற்றுவது ஒன்று. மோட்டார்தான் வேண்டும் என்று இவருக்கு ஆசை. தூக்கிப் பார்த்தேன், ஒரு சிமென்ட் மூட்டையில் பாதி கனம். கையால் சுற்றுவதை எடுத்தோம். துளையில் மிதக்கும் பனித்தூளை அள்ளுவதற்கு ஒரு கரண்டி காட்டினார் கடைக்காரம்மா. நம் வீட்டில் வடை எடுக்கிற ஜல்லிக்கரண்டியேதான். "இது வூட்லயே இருக்கு" என்று வைத்துவிட்டேன். தூண்டில் கம்பு ஒரு முழம்தான், நேராகக் கீழே விடுவதற்கு அதற்குமேல் எதற்கு? பூட்ஸ் மட்டும் ஓர் அளவு பெரிதாக எடுக்கச் சொன்னார், இரண்டு சாக்ஸ் போட்டாலும் விரல் அசைய வேண்டுமாம். விரலை அசைக்க முடியாத பூட்ஸ் எவ்வளவு விலையானாலும் வீண் என்றார். அது நல்ல யோசனை.

சாமானை ஏற்றி இழுக்க அடி வழுக்கும் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று உண்டு. அதற்குப் பெயர் ஸ்லெட். எனக்கு அது சிலேட்டு என்று காதில் விழுந்தது. என் ஆங்கிலத்தையும் கொஞ்சம் காட்டுவோம் என்று அந்த அம்மாளிடம், "இந்த சிலேட் என்ன விலை?" என்று கேட்டேன். அவர் இரண்டு முறை "மன்னிக்கணும்?" என்றார். நானும் விடாமல் இரண்டு முறை சிலேட் என்றேன், எழுதிக்காட்டுகிற மாதிரி கையையும் ஆட்டினேன். ரிஸ்வானா, "அம்மா, ப்ளீஸ்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய், எங்களுக்குச் சம்பந்தமே இல்லாதவள் மாதிரி தூண்டில் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விமானம் ஏறிய பிள்ளை. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் தொட்டியை வாங்கிவிட்டேன்.

கூடாரத்தில் மூன்று வகை. முதலாவது, மரப்பலகையால் அடித்த சின்ன அறை, அடுப்பெல்லாம் வைக்கலாம். ஆனால் இழுத்துப் போக டிரக் வேண்டும். சொந்தக்காரர் பெயர், விலாசம் எல்லாம் வெளியே எழுத வேண்டும், பனி இளகும் முன் அப்புறப்படுத்தாவிட்டால் அபராதம். ஏரியில் ஒரு குடிசை போடக்கூட இந்த நாட்டில் விலாசம் வேண்டும். இரண்டாவது, தொட்டியோடு சேர்ந்து மடங்கி விரியும் கூடாரம். அதுதான் அவர் கேட்ட ஒருத்தர் கூடாரம். மூன்றாவது, குடையை விரிக்கிற மாதிரி நான்கு பக்கமும் வெளியே இழுத்து நிறுத்துவது. மூன்று பேர் தாராளமாக உட்காரலாம், மடித்தால் கோரைப்பாய்ச் சுருட்டு மாதிரி எங்கள் வேனில் அடங்கும். உள்பக்கம் ஒரே கறுப்பு. அப்படி இருட்டாக இருந்தால்தான் துளைக்குள் தண்ணீர் தெரியும் என்றார். ஜன்னலை மூடிக்கொள்ளலாம், வாசலுக்கு ஜிப். உள்ளே போனால் மூட்டையை எல்லாம் அவிழ்த்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம், நேரம் வந்தால் தொழுதுகொள்ளலாம். வேறென்ன வேண்டும்? மூன்றாவதை எடுத்தோம்.

4

வாங்கி வந்து இரண்டு வாரம் அது கராஜிலேயே கிடந்தது. வாகனம் ஏறும் அளவுக்குப் பனி கனக்கவில்லையாம். ஆள் நடக்க நான்கு அங்குலம் போதும், கார் ஏற ஓர் அடிக்கு மேல் வேண்டும். அவர் கூட வேலை பார்க்கிறவர்களைக் கேட்டுக் கேட்டு வந்து சொல்வார். அதைத் தவிர வேறு பேச்சு இல்லை.

எங்கள் வீட்டின் சாயங்காலம் எப்படி இருக்கும் என்றால், அவர் வேலை விட்டு வருவார். தம்மாமில் ஊரைக் குளிரவைத்தவர் இங்கே வீடு வீடாகப் போய் ஹீட்டரைப் பழுது பார்க்கிறார். சாப்பிடுவார். "நல்லாருக்கு" என்பார். பிறகு உட்கார்ந்திருப்பார். நானும் ரிஸ்வானாவும் பேசிச் சிரித்துக்கொண்டிருப்போம், அவர் விருந்தாளி மாதிரி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் பாரம் நிரப்பிய அன்று மட்டும் கொஞ்சம் கலகலப்பு. ரிஸ்வானாதான் எழுதினாள். "அம்மா, நீங்க பொறந்த மாவட்டம்?" என்றாள். நான் பிறந்தபோது அரியலூர் திருச்சி மாவட்டம். பிறகு பெரம்பலூர் மாவட்டம் வந்தது, அதில் போனது. நடுவில் அரியலூரைத் தனியாகப் பிரித்தார்கள், மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள். இப்போது திரும்பவும் பிரிக்கப்போவதாகத் தம்பி போனில் சொல்கிறான். எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளை பேனாவை வைத்துவிட்டு, "அரியலூருக்கு இப்ப என்னதாம்மா வேணும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். என் வீட்டுக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எனக்குப் பழைய கேசட் ஞாபகம் வந்தது.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. பெரம்பலூர் தனி மாவட்டமான அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டில் போன் இல்லை. லீவில் வருகிற யாராவது ஒரு சபராளி கையில் இவர் கேசட் கொடுத்தனுப்புவார். ஒரு பக்கம் உம்மாவுக்கும் வாப்பாவுக்கும், மறு பக்கம் முழுக்க எனக்கு. என்ன பேச்சுப் பேசுவார் தெரியுமா! அறையில் யார் குறட்டை, அரபி முதலாளி எதற்குக் கோபித்தான், சாம்பாரில் யார் சர்க்கரை போட்டது, என்னை எப்போதெல்லாம் நினைத்தார் என்று ஒன்று விடாமல். பின்னால் ஏசி உறுமிக்கொண்டே இருக்கும். பக்கத்து அறையில் மாமி இருப்பதால் சத்தத்தைக் குறைத்து, காதை டேப்ரிக்கார்டரில் ஒட்டிவைத்துக் கேட்பேன். நானும் பதில் பேசி அனுப்புவேன். லீவில் நேரில் வந்து எதிரே உட்கார்ந்தால் இருவருக்கும் பேச்சு வராது. கேசட்டில் பேசியவர் வேறு யாரோ என்பது போல இருக்கும். ரிஸ்வானா மூன்று வயதில், "இவங்க எப்ப போவாங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

இங்கே மூன்று வருஷமாக ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறோம். கேசட்காரர் இன்னும் வந்து சேரவில்லை. இந்த நிலையில் அப்பாஸ் பாய் கூப்பிட்டால் யார்தான் போகமாட்டார் என்று எனக்கே தோன்றிவிட்டது. அதுதான் பயம்.

5

ஏரிக்குள் வேன் இறங்கியபோது சீட் பெல்ட்டைக் கழற்றச் சொன்னார், கண்ணாடியை இறக்கச் சொன்னார். ஏதாவது ஆனால் வெளியே குதிக்க வேண்டுமாம். பிஸ்மில்லாஹ் சொல்லிவிட்டு மெதுவாக ஓட்டினார். முன்னால் போன வண்டிகளின் தடத்தை விட்டு விலகவில்லை. நடு ஏரியில் ஒரு தெருவே இருந்தது, குடிசைகளும் கூடாரங்களுமாக. சந்தைக்கு வந்த மாதிரி ஜனம்.

கூடாரத்தை விரித்தோம். கையால் சுற்றித் துளை போட அவருக்கு மூச்சு வாங்கியது. என் முழங்கை வரை பனிக்கட்டி, அதற்குக் கீழே தண்ணீர் குபுக்கென்று ஏறியது. நான் ஜல்லிக்கரண்டியால் அள்ளினேன். ரிஸ்வானா அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள், பிறகு பக்கத்துக் கூடாரத்தில் அவள் பள்ளித் தோழியின் குடும்பம் இருப்பதைக் கண்டுபிடித்து ஓடிவிட்டாள்.

நாங்கள் இருவர் மட்டும். வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஆளுக்கொரு துளைக்கு முன்னால் உட்கார்ந்தோம். சின்ன ஹீட்டர் உறுமிக்கொண்டிருந்தது. மற்றபடி இருட்டு. துளையிலிருந்து மட்டும் பச்சை வெளிச்சம் கசிந்து வந்தது. அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, என் முகமும் அவருக்குத் தெரிந்திருக்காது.

எவ்வளவு நேரம் போனதோ, அவராகப் பேச ஆரம்பித்தார். முதலில் ஹீட்டரைப் பற்றி, மேலே காற்றுப் போக ஏன் வழி விட வேண்டும் என்று. அப்புறம் வேலை செய்யும் இடத்தில் ஒருவர் குறட்டை விட்டுத் தூங்கி மாட்டிக்கொண்டதைப் பற்றி. அப்படியே தம்மாம் அறை, அங்கே இருந்த ஒரு மன்னார்குடிக்காரர் பிரியாணி என்று ஒன்றைக் கிண்டியது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அதே குரல், அதே இழுவை. கேசட்தான் ஓடுகிறது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இந்த மனுஷனுக்கு முகத்தைப் பார்த்துப் பேச வராது. எதிரே ஒரு துளை இருந்தால் போதும்.

நானும் துளையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"அப்பாஸ் பாய்க்கு என்ன சொல்லப் போறீங்க மச்சான்?"

அவர் தூண்டிலை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார்.

"போலாம்னுதான் இருக்கு" என்றார். "அங்க எனக்கு என்ன பண்ணணும்னு தெரியும் ஜெய்த்தூன். இங்க வேலையில தெரியுது. வூட்டுக்குள்ள வந்தா தெரியல. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருந்து பழகிட்டீங்க. நான் நடுவுல எங்க ஒக்கார்றதுன்னு தெரியாம ஒக்காந்துருக்கேன். நான் இல்லாட்டி உங்களுக்குக் கொறையா இருக்கும்னும் எனக்குத் தோணல."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அதை நீங்களே முடிவு பண்ணிட்டீங்களாக்கும்?"

"நீதான் ஒரு நாளும் போவாதன்னு சொன்னதில்லையே."

நியாயமான பேச்சா இது? எங்கள் ஊரில் சபர் கிளம்புகிறவரைப் போகாதே என்று பெண்டாட்டி சொல்லக் கூடாது. அபசகுனம் என்பார்கள். வாசலில் துஆ ஓதி எல்லோரும் வழியனுப்புவார்கள், நான் உள்ளே கதவுக்குப் பின்னால் நிற்பேன். "போயிட்டு வரேன்" என்பார். "வாங்க" என்பேன். ஒவ்வொரு லீவு முடிவிலும் அவ்வளவுதான் எங்கள் பேச்சு. நான் சொல்லாததால் எனக்கு அவர் வேண்டாம் என்றா எடுத்துக்கொள்வது? இத்தனை வருஷமா?

அந்த நேரம் பார்த்து ஏரி ஒரு சத்தம் போட்டது. பனிக்கட்டி இறுகும்போது இப்படி வெடிச் சத்தம் வரும், பயப்பட ஒன்றுமில்லை என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். காலுக்குக் கீழே லாரி மோதின மாதிரி கேட்டால் பயப்படாமல் என்ன செய்வது? நான் வாளியைத் தள்ளிவிட்டு அவர் கோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். சத்தம் ஓய்ந்த பிறகும் விடவில்லை.

"போவாதீங்க" என்றேன். "எங்களுக்கு நீங்க வேணும்னு நெனச்சுத்தான் சொல்றேன். போவாதீங்க மச்சான்."

அவர் என் கையை எடுத்துவிடவில்லை. ஜிப்பைத் திறந்துகொண்டு ரிஸ்வானா வந்து, "அவங்க எட்டு மீன் புடிச்சிட்டாங்க, நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்கும் வரை அப்படியே இருந்தோம்.

6

அதன் பிறகு எங்கள் துளைகளிலும் மீன் மாட்டியது. பெரிதாக இரண்டு பிக்கரல், முள் குறைவு, சதை நம் விரால் மாதிரி. அறுத்து வந்ததா, ஹலாலா என்று யாரிடமும் கேட்க வேண்டாத சாப்பாடு என்பதில் எனக்குத் தனி சந்தோஷம். வீட்டுக்கு வந்து மஞ்சள் போட்டு அலசிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அவர் எடுத்தார். அப்பாஸ் பாய்.

வழக்கமாக அந்த போன் வந்தால் படியிறங்கிக் கீழே போய்விடுவார். அன்றைக்குச் சமையலறையிலேயே, ஜன்னலைப் பார்த்தபடி நின்றார். நான் குழாயை மூடினேன்.

"வ அலைக்கும் ஸலாம் பாய். ஆமா பாய்... நல்ல வாய்ப்புதான், இல்லேங்கல... சம்பளம் கொறச்சல்னெல்லாம் இல்ல பாய்..."

அந்தப் பக்கம் நீளமாக ஏதோ பேசினார்கள். இவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

"இல்ல பாய், வர்றதுக்கில்ல. வூட்ல போவாதீங்கங்கிறாங்க."

நம் பக்கம் ஆண்கள் பெண்டாட்டியைச் சொல்வது இப்படித்தான், வூட்ல என்று. இவர் எதை மறுத்தாலும் கம்பெனியைச் சொல்வார், விசாவைச் சொல்வார், உடம்பைச் சொல்வார். என்னைச் சொன்னதில்லை. பெண்டாட்டி சொல்லி வேலையை விட்டவன் என்று தம்மாமிலிருந்து லப்பைக்குடிக்காடு வரை ஒரு மாதம் பேசுவார்கள் என்று அவருக்குத் தெரியும். அப்பாஸ் பாய் அப்போதே ஏதோ கிண்டல் செய்திருக்க வேண்டும்.

"ஆமா பாய்" என்று சிரித்தார் இவர். "பயந்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

பயந்தவர் குரலா அது! சபருக்கு அனுப்பும்போது அழக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பெண் நான், ஒரு தடவைகூட அழுததில்லை. அன்றைக்கு யாரும் எங்கேயும் போகவில்லை. கையில் மீனை வைத்துக்கொண்டு நன்றாக அழுதேன்.